பெஞ்சில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் சிறு கல்லூரிகளின் கால்பந்துப் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிந்துவிடுகிறது. பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களை நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கிறது. ஆயிரம் பேர் படிக்கும் சிறு கல்லூரியின் அணி பத்து ஆட்டங்களில் பத்தையும் தோற்றுவிட்டு, உள்ளூர்ப் பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாகிறது. தோற்பது குற்றமில்லை. ஆனால், இந்தத் தோல்விகளுக்கு அடியில் கல்லூரியின் சேர்க்கைக் கணக்கும், பெற்றோரின் கடனும், இருபது வயதுப் பையன்களின் மூளையும் இருக்கின்றன. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நான் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் இங்குள்ள சிறு கல்லூரி ஒன்றின் அணியில் ஆடுகிறான். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். இடைவேளைக்குள் எதிரணி பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஆறு டச்டவுன் போட்டுவிட்டது. அவன் அணி கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுத்தது ஒரே ஒரு ஃபீல்டு கோல், மூன்று புள்ளி.

மூன்றாவது கால்பகுதியில் அவன் மைதானத்தை விட்டு வெளியே வரவே இல்லை. பந்து கைமாறியது, எதிரணியில் பதினோரு பேரும் வெளியேறி வேறு பதினோரு பேர் ஓடிவந்தார்கள். இவன் மட்டும் இடுப்பில் கை ஊன்றி, நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஒருமுறை கோட்டோரம் வந்தபோது, பிசியோ பெண்மணி அவன் வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து வெள்ளை டேப் சுற்றினார். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டி முடிப்பதற்குள் அவனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன் அம்மா என் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஸ்கோரைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். நம் பக்கம் பெஞ்சில் இன்னும் ஆடக்கூடியவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றார். நானும் எண்ணினேன். உள்ளே ஆடுகிறவர்கள் போக, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றவர்கள் பதினேழு பேர். ஊன்றுகோலோடும் கைக்கட்டோடும் நின்றவர்கள் அதே அளவுக்கு இருந்தார்கள்.

இருபத்து எட்டு பேர் ஏன் போதாது

நம் வாசகர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெயர்தான் கால்பந்து, பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். நூறு கெஜ மைதானத்தில், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியும் எறிந்தும் முன்னேற வேண்டும். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் நகர்ந்தால் மேலும் நாலு முயற்சி கிடைக்கும். எதிரணி உடம்பால் மோதித் தடுக்கும். நம் கபடியில் பாடிப் போனவரைப் பிடித்து அமுக்குவார்களே, அதை முழு வேகத்தில், ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, நூற்றுப்பத்துக் கிலோ ஆட்கள் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். ஆனால், பந்து தம் கையில் இருக்கும்போது ஆடும் பதினொருவர் வேறு. தடுப்பதற்கு இறங்கும் பதினொருவர் வேறு. கிரிக்கெட்டில் பேட்டிங்குக்கு ஓர் அணி, பந்துவீச ஓர் அணி என்று வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. உதைப்பதற்குத் தனி ஆட்கள். ஆக, அடிப்படைத் தேவையே இருபத்து நாலு, இருபத்தைந்து பேர். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டுமென்றால் ஐம்பது. பயிற்சிக்கும் காயத்துக்கும் சேர்த்து நூறு பேர் வைத்திருக்கும் கல்லூரிகள் நிறைய.

ஓர் ஆட்டத்தில் ஓர் அணி அறுபது, எழுபது முறை பந்தை நகர்த்தப் பார்க்கும். ஒரே பையன் இரண்டு பக்கமும் ஆடினால் ஒரு மதியத்தில் நூற்றுமுப்பது மோதல்வரை வாங்குவான். எதிரே இருப்பவனோ ஓய்வெடுத்துவிட்டுப் புதிதாக வருபவன். களைத்த உடம்பு சரியாகக் குனியாது. தலை முதலில் போகும். சிறு அணியின் தோல்வியை ஸ்கோர்போர்டு காட்டுவதற்கு முன்பே பெஞ்சு காட்டிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

சேர்க்கைக்காக ஓர் அணி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பில் மூன்று பிரிவுகள் உண்டு. மூன்றாம் பிரிவுதான் எண்ணிக்கையில் பெரியது. அதில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. இங்கு ஆடும் பையன் புகழுக்கோ தொழில்முறை ஒப்பந்தத்துக்கோ ஆடவில்லை. கட்டணமும் கட்டி, விடிகாலையில் எழுந்து எடை தூக்கி, வகுப்புக்கும் போய், சாயங்காலம் பயிற்சிக்கும் வருகிறான். இந்தப் பையன்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒருமுறைகூட ஜெயிக்காத அணியில் நவம்பர்வரை நிற்பதற்கு, ஜெயிக்கும் அணியில் நிற்பதைவிட அதிக மனவலிமை வேண்டும்.

கல்லூரி நிர்வாகத்தின் கணக்கு வேறு. அமெரிக்காவில் 2007-ல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அடுத்த ஆண்டின் பொருளாதாரச் சரிவோடு பிறப்பு குறையத் தொடங்கி, 2023-ல் சுமார் 36 லட்சத்துக்கு வந்துவிட்டது. 2007-ல் பிறந்தவர்களுக்கு 2025-ல் பதினெட்டு வயது. இனிமேல் கல்லூரி வயதுப் பிள்ளைகள் குறைவார்கள். போதாததற்கு, கல்லூரிகளில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் சேர்கிறார்கள். ஊருக்கு வெளியே, பெரிய பெயரோ பெரிய நிதியோ இல்லாத சிறு தனியார் கல்லூரிக்கு ஆண் மாணவர்களைக் கொண்டுவரக் கையிலிருக்கும் பெரிய வழி கால்பந்து அணி.

ஒரு பையன் கழிவெல்லாம் போக ஆண்டுக்கு 20,000 டாலர் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் கொண்ட அணி கல்லூரிக்கு 20 லட்சம் டாலர் கொண்டுவருகிறது. ஆயிரம் பேர் படிக்கும் இடத்தில் அது பத்தில் ஒரு பங்கு. அதனால் பல கல்லூரிகளில் கோச்சின் முதல் வேலை ஆட்டம் சொல்லித்தருவது இல்லை, ஆள் பிடிப்பதுதான். ஆகஸ்டில் எத்தனை பேரைக் கொண்டுவந்தாய் என்று கேட்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கிப் போனார்கள் என்று கேட்பவர் குறைவு.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பலிப்பதும் இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஃபின்லாந்திலிருந்து குடியேறியவர்கள் 1896-ல் தொடங்கிய ஃபின்லாண்டியா பல்கலைக்கழகம் 2015-ல் கால்பந்து அணியைக் களமிறக்கியது. 2023-ல் பல்கலைக்கழகமே மூடப்பட்டது. அணியை நம்பிச் சேர்ந்த பையன்களும் வேறு இடம் தேடிப் போக வேண்டியிருந்தது.

அணி தோற்கத் தொடங்கினால் அடுத்த ஆண்டு ஆள் சேர்ப்பது கடினமாகிறது. ஆள் குறைந்தால் இருப்பவர்களே இரட்டை வேலை பார்க்கிறார்கள், காயம் கூடுகிறது, காயம்பட்டவர்கள் விலகுகிறார்கள், தோல்வி இன்னும் பெரிதாகிறது. கிணற்றில் ஊற்று அடைத்துக்கொண்டால் எவ்வளவு இறைத்தும் பயனில்லை என்பதுபோல, கோச்சை மாற்றுவதால் மட்டும் இது மாறுவதில்லை.

ஐம்பத்து மூன்று தோல்வி

இண்டியானா மாநிலம் ரிச்மண்ட் நகரில் இருக்கிறது எர்ல்ஹாம் கல்லூரி. 1847-ல் குவேக்கர்கள் தொடங்கியது. போரே கூடாது என்பவர்கள் குவேக்கர்கள். அவர்கள் கல்லூரியிலும் நூறாண்டுக்கு மேல் கால்பந்து இருந்தது. 2013 பருவத்தின் கடைசியில் தொடங்கிய தோல்வி, 2014 முதல் 2018 வரை ஐந்து முழுப் பருவங்களிலும் தொடர்ந்தது. மொத்தம் 53 ஆட்டங்கள். மூன்றாம் பிரிவில் இதுவே மிக நீண்ட தொடர் தோல்வி. 2014-ல் சேர்ந்து நான்கு ஆண்டும் ஆடிய பையன் ஒரு வெற்றியைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போயிருப்பான். 2018 நவம்பரில், பருவம் முடிந்த கையோடு கல்லூரி அணியை நிறுத்திவைத்தது.

எர்ல்ஹாமுக்கு முன்பு அந்தச் சாதனை மினசோட்டாவின் மக்கலெஸ்டர் கல்லூரியிடம் இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் படித்த கல்லூரி. 1974 முதல் 1980 வரை தொடர்ந்து 50 ஆட்டங்கள் தோற்றது. 1980 செப்டம்பரில் ஆட்டம் முடிய சில நொடிகள் இருக்கும்போது ஒரு ஃபீல்டு கோல் அடித்து 17-14 என்று ஜெயித்தார்கள்.

அதற்குப் பிறகு மக்கலெஸ்டர் செய்ததுதான் எனக்கு முக்கியம். 2002-ல், கால்பந்துக்கு மட்டும், கல்லூரி அணிகள் தமக்குள் மோதும் தன் பழைய கூட்டமைப்பிலிருந்து விலகியது. அந்தக் கூட்டமைப்பில் நூற்றுக்கணக்கில் ஆள் வைத்திருக்கும் பெரிய அணிகள் இருந்தன. தன் அளவுள்ள கல்லூரிகளோடு ஆடத் தொடங்கியது. 2014-ல் மிட்வெஸ்ட் கூட்டமைப்பில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே சாம்பியன் ஆனது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. யாரோடு மோதுகிறோம் என்பதைச் சரிசெய்துகொண்டார்கள், அவ்வளவே.

மூன்றாம் பிரிவுக்கு வெளியே ஓர் உதாரணம்: டெக்சாஸின் பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்காக உருவான நிறுவனம். 1950-60களில் கறுப்பினக் கல்லூரிகளின் தேசிய சாம்பியனாக ஐந்து முறை வந்த அணி அது. 1990-ல் பண முறைகேட்டுப் புகாரில் கால்பந்து அணி ஓராண்டு நின்றது. அடுத்த ஆண்டு உதவித்தொகை இல்லாமல் அணியை மீண்டும் இறக்கினார்கள். எதிரணிகளுக்கோ உதவித்தொகை உண்டு. 1989 முதல் 1998 வரை 80 ஆட்டங்கள் தோற்றார்கள். பணமும் உதவித்தொகையும் திரும்பியபின், 2009-ல் அதே அணி தன் கூட்டமைப்பின் சாம்பியன். திறமை வற்றியதால் தோற்ற அணி இல்லை இது. கைவிடப்பட்டுத் தோற்ற அணி.

மறுபக்கமும் உண்டு. பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரி 28 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்று, 1999-ல் மீண்டது. 2000-ல் நாலு ஆட்டங்களில் ஜெயித்தது. அந்த டிசம்பரிலேயே கல்லூரியின் நிர்வாகக் குழு அணியைக் கலைத்தது. சிறு கல்லூரியில் சேர்க்கை இடங்களில் இவ்வளவு பங்கை விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்க முடியாது என்பது நிர்வாகத்தின் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால், தோற்றபோது பொறுத்துக்கொண்டு, தலைதூக்கும்போது கலைத்தால், அந்தப் பையன்களுக்கு எதைச் சொல்லி ஆறுதல் தருவது?

கிரின்னல் பையன்கள் எடுத்த முடிவு

2019-ல் அயோவா மாநிலக் கிரின்னல் கல்லூரியில் நடந்ததை எல்லாச் சிறு கல்லூரிகளும் படிக்க வேண்டும். கிரின்னல் ஏழைக் கல்லூரி இல்லை; அதன் அறக்கட்டளை நிதி 200 கோடி டாலருக்கு மேல். படிப்பில் நாட்டின் முன்வரிசைக் கல்லூரிகளில் ஒன்று. அந்தப் பருவத்தில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றது. அதற்குள் காயத்தால் ஆள் குறைந்து, ஆடும் நிலையில் இருந்தவர்கள் முப்பதுக்கும் கீழே வந்துவிட்டார்கள்.

அப்போது வீரர்களே கூடிப் பேசினார்கள். இப்படியே மிச்ச ஆட்டங்களை ஆடினால் யாருக்காவது பெரிய காயம் வரும் என்று முடிவுசெய்து, பருவத்தை நிறுத்த வாக்களித்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் கல்லூரி அதை ஏற்று அறிவித்தது.

இந்த விளையாட்டின் பண்பாட்டில் இது எவ்வளவு கடினமான காரியம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. சிறுவயதிலிருந்தே வலியைச் சொல்லாதே, எழுந்து நில், பக்கத்தில் இருப்பவனைக் கைவிடாதே என்றுதான் சொல்லி வளர்க்கிறார்கள். அந்தப் பையன்கள் பக்கத்தில் இருப்பவனைக் கைவிடவில்லை, அவனுக்காகத்தான் நிறுத்தினார்கள். என் மனக்குறை ஒன்றுதான். இந்த முடிவை எடுக்கும் பாரத்தை இருபது வயதுப் பையன்கள் தோளில் விட்டிருக்கக் கூடாது. பெரியவர்கள் எடுத்திருக்க வேண்டிய முடிவு அது.

என்சிஏஏ அமைப்பே உயிரிழப்பில் பிறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1905 பருவத்தில் குறைந்தது 18 பேர் இந்த ஆட்டத்தில் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் தொடர்ச்சியாக 1906-ல் உருவானதுதான் இன்றைய என்சிஏஏ.

இப்போது களத்தில் சாவது அரிது. சேதம் மெதுவாக வருகிறது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோயை சிடிஇ என்கிறார்கள். இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி அளவில் ஆடிய 53 பேரின் மூளைகளில் 48-ல் இந்த நோய் இருந்தது. வாழும்போதே அறிகுறி கண்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் தருகின்றன. ஆகவே, ஆடும் எல்லோருக்கும் இதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், ஒரு மதியத்தில் ஒரு பையன் வாங்கும் அடியை இரண்டு மடங்காக்குவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை என்று சொல்ல இந்த எண்ணே போதும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஓர் எண் வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே, ஆடத் தகுதியுள்ளவர்கள் இத்தனை பேருக்குக் கீழே போனால் ஆட்டம் இல்லை என்று ஒவ்வொரு கூட்டமைப்பும் எழுதிவைக்க வேண்டும். நாற்பது என்று வைக்கலாம் என்பது என் கருத்து. மருத்துவர்கள் வேறு எண் சொன்னால் அதை வைக்கட்டும். தகுதியுள்ளவர்களை எண்ணுகிறவர் கோச்சாக இருக்கக் கூடாது. அணியின் மருத்துவரோ பிசியோவோ எண்ண வேண்டும். ரத்தான ஆட்டத்துக்கு அபராதமும் கூடாது. அபராதம் இருந்தால் நொண்டிக்கொண்டிருப்பவனும் கணக்கில் சேர்ந்துவிடுவான்.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு கோச்சுகளும் நடுவரும் ஒப்புக்கொண்டால் மிச்ச நேரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று இப்போதே விதி இருக்கிறது. ஆனால், தோற்கும் கோச் எழுந்துபோய் அதைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் கேட்பார்கள்? இடைவேளைக்குப் பின் 35 புள்ளி வித்தியாசம் வந்தால் கடிகாரம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதைத் தானியங்கு விதியாக்கிவிட்டால் யாருடைய மானமும் போகாது.

அட்டவணையை மக்கலெஸ்டர் வழியில் மாற்ற வேண்டும். ஒரே கூட்டமைப்பில் நூற்றுஐம்பது பேர் வைத்திருக்கும் அணியும் நாற்பது பேர் வைத்திருக்கும் அணியும் மோதித்தான் ஆக வேண்டும் என்பதற்கு, பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெற்றோரிடம் ஒரு தாள் கொடுக்க வேண்டும். ஆள் சேர்க்க வீட்டுக்கு வரும் கோச் கையில் அது இருக்கட்டும். நாலு ஆண்டுக்கு முன் அணியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இன்னும் ஆடுகிறவர்கள் எத்தனை பேர், பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர், சராசரிக் கடன் எவ்வளவு, போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில் எத்தனை பேர் ஆடும் நிலையில் இருந்தார்கள். ஐந்தே வரி. இதைக் கொடுக்கத் தயங்கும் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் இரண்டு முறை யோசிக்கட்டும். கோச்சின் வேலையையும் இதே தாளை வைத்தே மதிப்பிடலாம்.

அணியை நிறுத்தியே ஆக வேண்டிய கல்லூரிகளும் இருக்கும். நிறுத்தட்டும். ஆனால், அந்தப் பையன்களுக்குச் சேரும்போது தந்த கட்டணச் சலுகை பட்டம் வாங்கும்வரை குறையாது என்று எழுத்தில் தர வேண்டும். இன்னொன்று, முடிவை எர்ல்ஹாம்போல நவம்பரில் சொல்ல வேண்டும். நவம்பரில் தெரிந்தால் வேறு கல்லூரிக்கு மாற்றல் கேட்டு எழுதலாம், வாங்கிய மதிப்பெண்கள் செல்லுமா என்று விசாரிக்கலாம், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் கடைசியில் சொன்னால் பெரும்பாலான கதவுகள் மூடியிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பையனின் அணி பருவத்தை ஒரு வெற்றிகூட இல்லாமல் முடித்தது. விரலில் எலும்பு விரிசல் என்று பிறகு தெரிந்தது. அடுத்த ஆண்டு அணி இருக்குமா இருக்காதா என்று கல்லூரி இன்னும் சொல்லவில்லை. அவன் அம்மா தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறார்.